இரண்டு வடத்தையும் பிடுங்கிக் காட்டிய ஸ்வெட்டர் அக்கா

இன்றைக்கு நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? ஸ்வெட்டர் அக்காவை! நம் லினக்ஸ் குழுவில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் புதிதில்லை. யாராவது சர்வர் மக்கர் பண்ணுகிறது என்று குழுவில் புலம்பினால், "ஸ்வெட்டர் அக்காகிட்ட கேட்டீங்களா?" என்று இன்னொருவர் உடனே எழுதுவார். அத்தனை நாள் பெயராக மட்டுமே தெரிந்தவரை இன்று நேரில் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். என் மூக்குக் கண்ணாடி மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். என் சித்தி, கண்ணாடிக்கு லென்ஸ் அரைத்துக் கொடுக்கும் ஓர் ஆலையில் ஆர்டர் மேசையில் இருக்கிறார். இன்று விடுமுறை நாள். ஆனாலும் சித்தி போன் செய்தார்.

"உன் லென்ஸ் ரெடி. வந்து வாங்கிக்கோ. நான் இன்னைக்கு ஆலையிலதான் இருப்பேன்."

"லீவு நாள்ல எதுக்கு சித்தி?"

"புது சர்வர் போடறாங்கடா. நான் சரிபாத்து சரின்னு சொன்னாதான் முடியுமாம். காலையிலேர்ந்து காவல் காத்துட்டிருக்கேன்."

சர்வர் என்று சொன்ன பிறகு எனக்குக் கால் தரையில் நிற்குமா?

ஆலை என்றால் பெரிய புகைபோக்கி எல்லாம் இல்லை. ஒரு நீளமான கூடம். வரிசையாக அரைக்கும் இயந்திரங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் தட்டுகள். ஒரு தட்டு என்பது ஒரு மனிதரின் இரண்டு கண். கடைகளிலிருந்து வரும் பவர் விவரத்தைச் சித்தி கம்ப்யூட்டரில் ஏற்றுவார். உடனே ஓர் ஒட்டுச்சீட்டு அச்சாகும், அது தட்டில் ஏறும், அதைப் படித்துத்தான் இயந்திரம் அரைக்கும். ஆர்டர், இருப்பு, பில், சம்பளம் எல்லாமே ஒரே மென்பொருள்தான். அந்த மென்பொருள் குடியிருக்கும் வீடுதான் சர்வர். சர்வர் படுத்தால் ஆலையே கண் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கூடத்தின் கடைசியில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் குளிர் என்றால் அப்படியொரு குளிர். நடுவில் ஒரு முக்காலியில், பழுப்பு நிற ஸ்வெட்டரின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். காதில் பென்சில். மடியில் கீபோர்டு.

"சித்தி, இவங்க..." என்று ஆரம்பித்தேன்.

"ஸ்வெட்டர் அக்காதான். அப்படி வாயைப் பிளக்காதே, ஏசி காத்து உள்ள போயிடும்" என்றார் அவரே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சித்திக்குத் தெரிந்த விவரம் முழுவதும் எனக்கு அங்கேயே, காதோரமாகக் கிடைத்தது. பழைய சர்வரை இயக்கிக்கொண்டிருந்த லினக்ஸ் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. மென்பொருள்காரர்களும் புதிய பதிப்பில்தான் ஓட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை காலம் சர்வரைப் பார்த்துக்கொண்டது அக்காதான். ஆனால் முதலாளியின் மைத்துனர், இதையெல்லாம் ஒரு பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிடலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். முதலாளி நடுவில் மாட்டிக்கொண்டு, "இந்த மாத்தத்தை அந்தம்மா எப்படிப் பண்றாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த முடிவு இன்றைக்கு.

"இதுல இன்னொண்ணு இருக்குடா. இந்த ஆலையை நம்பித்தான் அவங்க போன மாசம் பழைய வேலையை விட்டாங்க. இது கைவிட்டுப் போச்சுன்னா..." சித்தி கண்ணாலேயே அக்காவைக் காட்டினார்.

அக்காவின் முகத்தில் அதற்கான கவலை துளியும் தெரியவில்லை. முக்காலியில் உட்கார்ந்தபடி ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வேலை தொடங்கியது. அதற்கு முன்னால் சர்வரில் செருகியிருந்த ஒரு கையடக்க டிஸ்க்கைக் கழற்றினார். பழைய சர்வரில் இருந்த ஆர்டர், பில் எல்லாவற்றின் பிரதியும் அதில் இருந்தது. அதைச் சித்தியின் கையில் கொடுத்தார்.

"மடியில வெச்சுக்கோங்க. நான் கேக்கற வரைக்கும் கொடுக்காதீங்க. நானே கெஞ்சினாலும் கொடுக்காதீங்க."

"ஐயோ, எனக்கு எதுக்கும்மா இந்தப் பொறுப்பு?"

"இன்ஸ்டால் பண்றப்ப இருக்கற டிஸ்க் எல்லாத்தையும் வரிசையா காட்டி, எதை அழிக்கட்டும்னு கேக்கும். வரிசையில இல்லாத டிஸ்க்கை யாராலயும் அழிக்க முடியாது. அவ்வளவுதான்."

சித்தி டிஸ்க்கைப் புடவைத் தலைப்பில் சுற்றிப் பச்சைக் குழந்தையை வைத்திருப்பதுபோல உட்கார்ந்துவிட்டார். தும்மல் வந்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினார்.

நான் வீட்டு லேப்டாப்பில் எத்தனையோ முறை லினக்ஸ் போட்டிருக்கிறேன். அடுத்து, அடுத்து, அடுத்து என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன். அக்கா அப்படி இல்லை. அவர் ஒவ்வொரு திரையிலும் நின்றார். சர்வருக்குள் இருந்த இரண்டு டிஸ்க்குகளையும் ஒன்றுக்கொன்று நிழலாக இணைத்தார். ஒன்று போனால் மற்றொன்று தாங்கும். மென்பொருளின் தரவுக்குத் தனி அறை, சர்வர் தானே எழுதிக்கொள்ளும் பதிவுக் குறிப்புகளுக்குத் தனி அறை. குறிப்புகள் பெருத்து வழிந்தாலும் தரவின் இடத்தை விழுங்கக் கூடாது அல்லவா? அழகான மேசைத்திரை, ஐகான், படம் எதுவும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் நீக்கினார்.

"வெறும் கறுப்புத் திரையா விட்டுடுவீங்களா அக்கா?" என்றேன்.

"இதுல யாரு படம் பாக்கப் போறாங்க தம்பி? தேவையில்லாத கதவு ஒவ்வொண்ணும் பூட்டு கேக்கும். கதவே வெக்காம விட்டுட்டா?"

நிறுவல் ஓட ஆரம்பித்ததும் அக்கா பென்சிலால் தலையைச் சொறிந்துகொண்டு பேச ஆரம்பித்தார். சித்தி கேட்க, அவர் சொல்ல, எனக்கு அந்தக் கதை கிடைத்தது.

அக்கா ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் இருந்தவர். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வது, போனை எடுப்பது, கூரியரை வாங்கி வைப்பது. அந்த அலுவலகத்திலேயே ஒழுங்காக ஓடிய ஒரே ஏசி அவர் நாற்காலிக்கு மேலேதான் இருந்தது. அதனால் சர்வரையும் கொண்டுவந்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். சர்வருக்குக் குளிர வேண்டுமே என்று ஏசியைக் கூட்ட, அக்காவுக்குக் கழுத்து விறைக்க, வாங்கினார் ஸ்வெட்டர். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே இவர் ஸ்வெட்டரோடு வணக்கம் சொல்வார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் வேறு ஊரில் இருந்தார். ஏதாவது கோளாறு என்றால் அக்காவுக்குத்தான் போன் வரும். "மேடம், பச்சை விளக்கு எரியுதா? மேடம், பின்னாடி நீல வயர் இருக்கா?" என்று கேட்பார். பார்ப்பது இவர் கண், அழுத்துவது இவர் கை. ஒருநாள் அக்கா கேட்டாராம்:

"சார், நான் எதை அழுத்தறேன்னு எனக்கே தெரிய வேணாமா? நாளைக்கு வெடிச்சா நான்தானே முன்னாடி உக்காந்திருக்கேன்?"

அந்த மனிதர் சிரித்துவிட்டு, சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். பிறகு அலுவலகம் கழித்துப்போட்ட ஒரு பழைய சர்வரை அக்கா ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். வைக்க இடமில்லாமல் மகள் தூங்கும் அறையில் வைத்தார். அழித்து அழித்து மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். அதன் விசிறிச் சத்தம் மகளுக்குத் தாலாட்டாகிப்போனது.

"இப்பவும் அதை நிறுத்தினா எழுந்து உக்காந்து, 'அம்மா, சர்வர் செத்துப்போச்சா?'ன்னு கேப்பா" என்று சொல்லி அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடித் தடுப்பே அதிர்ந்தது.

அதன்பின் வார நாளில் வரவேற்பு மேசை, விடுமுறை நாளில் சர்வர் என்று இரட்டை வாழ்க்கை. முதலில் ஓர் அச்சகம், பிறகு மருந்து மொத்த விற்பனைக்காரர், அப்புறம் இந்த லென்ஸ் ஆலை. போன மாதம்தான் துணிந்து மேசையை விட்டு எழுந்தார். இதைக் கேட்டதில் நான் லென்ஸ் வாங்க வந்ததையே மறந்துவிட்டேன். உண்மையாகவே!

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அடிப்படை முறைமை தயார். சர்வருக்கு நிலையான முகவரி, வெளியார் நுழையாமல் தடுக்கும் நெருப்புச்சுவர், திருத்தங்கள் எல்லாம் முடிந்தன. அக்கா கையை நீட்டியதும் சித்தி, "உண்மையிலேயே கேக்கறீங்களா, இல்ல கெஞ்சறீங்களா?" என்று உறுதிசெய்துகொண்டு டிஸ்க்கைக் கொடுத்தார். தரவு ஏறியது. மென்பொருள் ஏறியது. உரிமத்தைப் பதியும்போது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மென்பொருள்காரரின் ஆள் போனில் சொல்லச் சொல்ல, அக்கா மென்பொருளைக் கையாலேயே நிறுத்துவதும் ஓட்டுவதுமாக இருந்தார். அது சரியாகிற நேரம் பார்த்து அவர் கணவரிடமிருந்து போன். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர்.

"என்னங்க, வேலையா இருக்கேன்... என்னது, வாஷிங் மெஷின் கத்துதா? என்ன எழுத்து காட்டுது?... மூடியை ஒழுங்கா மூடினீங்களா?... சரி, ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க... ஓடுதா? வெச்சிடறேன்."

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "வீட்டுலயும் அதே உத்தியோகந்தான்."

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளியும் மைத்துனரும் உள்ளே வந்தார்கள். முதலாளி சாது. அந்தக் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றார். மைத்துனர் கையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

சித்தி தன் மேசையில் உட்கார்ந்து ஓர் ஆர்டரை ஏற்றினார். ஒட்டுச்சீட்டு அச்சானது. பழைய பில் ஒன்றைத் திறந்தார், திறந்தது. இருப்புக் கணக்கும் சரி.

"எல்லாம் இருக்கு சார். முன்னைவிட வேகமாவே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார்.

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அப்ப முடிஞ்சுதும்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆலை கையில் நின்றிருக்கும். அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"இல்ல சார். இன்னும் விழுந்து எழுந்திருக்கலை."

"எது?"

"சர்வர். கரண்டைப் பிடுங்கப் போறேன்."

மைத்துனரின் சாவி நின்றது. "ஓடிட்டிருக்கற மெஷினையா? என்னம்மா விளையாடறீங்களா? யூபிஎஸ் எதுக்கு வாங்கி வெச்சிருக்கு?"

"யூபிஎஸ்ஸும் ஒருநாள் சாகும் சார். கூட்டறவங்க துடைப்பம் வயர்ல மாட்டும். நான் வரவேற்புல இருந்தப்ப ஒருநாள் கரண்ட் போய் வந்துச்சு. சர்வர் எழுந்துடுச்சு, மென்பொருள் எழுந்திருக்கலை. போட்டவர் விமானத்துல போயிட்டிருக்கார். லாரிங்க எல்லாம் வாசல்ல நிக்குது, மொத்த ஆபீஸும் என் மூஞ்சியைப் பாக்குது. எதுவும் தெரியாம அப்படி நின்னது எனக்குப் போதும். என் கண்ணு முன்னாடி விழுந்து எழாத சர்வரை நான் யார் கையிலயும் கொடுக்கறதில்ல."

"எழலைன்னா?"

"எழலைன்னா நீங்க அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணிக்கலாம் சார்."

நான் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சித்தி என்னைவிட இறுக்கமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா முதலில் இன்னொரு பிரதியை எடுத்து, டிஸ்க்கைக் கழற்றிச் சித்தியிடம் கொடுத்தார். பிறகு சர்வருக்குப் பின்னால் போனார். அந்தச் சர்வருக்கு இரண்டு மின்வடங்கள். ஒன்று போனால் மற்றொன்று தாங்கவேண்டும் என்பதற்காக. அவர் இரண்டையும் ஒரே இழுப்பில் பிடுங்கினார்.

அந்த அமைதி இருக்கிறதே! அத்தனை நேரம் சர்வர் விசிறிகளின் இரைச்சல் இருந்ததே எனக்குத் தெரியவில்லை. நின்ற பிறகுதான் தெரிந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

வடங்களைச் செருகியதும் விசிறிகள் விமானம் கிளம்புவதுபோல உறுமின. சர்வர் சாவகாசமாகத் தன் நினைவகத்தைச் சோதித்தது, டிஸ்க்குகளை எண்ணியது. கடைசியில் கறுப்புத் திரையில் உள்நுழைவு வரி. தரவுத்தளம் எழுந்துவிட்டது. அக்கா சித்தியைப் பார்த்து, "போய்ப் பாருங்க" என்றார்.

சித்தி மேசைக்குப் போனார். திரை வெள்ளையாகவே இருந்தது. மறுபடி தட்டினார். இணைய முடியவில்லை என்ற வரி மட்டும் வந்தது.

"வரலம்மா" என்றார், அழுகிற குரலில்.

மைத்துனர் முதலாளியின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மாமா? நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

அக்கா முக்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டளை தட்டினார். திரையைப் பார்த்தார். தன் நெற்றியில் பட்டென்று ஒரு போடு போட்டுக்கொண்டார்.

"என் தப்புதான் சார். மென்பொருளை ஓடுன்னு சொல்லியிருக்கேன். ஒவ்வொரு தடவை சர்வர் எழறப்பவும் நீயா ஓடுன்னு சொல்லலை. ரெண்டும் வேற வேற கட்டளை. உரிமத்துக்காகக் கையால நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன்ல, அப்ப அந்த ரெண்டாவதை விட்டுட்டேன். யார் மேலயும் பழி இல்ல, நான்தான்."

இது லினக்ஸ்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நம்மில் யார் செய்யவில்லை? ஓடுகிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிடுவோம். மாதக்கணக்கில் ஓடும். ஒருநாள் கரண்ட் போகும்போதுதான் வெளியே வரும். அதற்குள் போட்டவருக்கே போட்டது மறந்துபோயிருக்கும்.

முதலாளி மெதுவாகக் கேட்டார்: "இப்ப பிடுங்காம விட்டிருந்தா?"

"இப்ப எதுவும் தெரிஞ்சிருக்காது சார். நல்ல வேலை நாளாப் பாத்து, கரண்ட் போறப்ப தெரிஞ்சிருக்கும். இன்னைக்கு நம்ம முன்னாடி, லீவு நாள்ல விழுந்திருக்கு. அதுக்குத்தான் பிடுங்கறது. மத்தவங்களை மாதிரிதான் நானும் மறப்பேன் சார். அதனாலதான் என்னையே நான் நம்பறதில்ல."

அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை, வீம்பும் இல்லை. இரண்டாவது கட்டளையைத் தட்டினார். அது பதிந்துவிட்டதா என்று பார்த்தார். மற்றச் சேவைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு எழுந்து மைத்துனரைப் பார்த்தார்.

"இப்ப நீங்க வந்து பிடுங்குங்க சார்."

"நானா?"

"வேணாம்னு சொன்னவர் கையாலேயே நடக்கட்டும். ரெண்டையும் சேத்துப் பிடுங்கணும். பயப்படாதீங்க, கடிக்காது."

மைத்துனர் கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பாம்புப் பொந்தில் கைவிடுகிறவர் மாதிரி சர்வருக்குப் பின்னால் கையை விட்டார். பிடுங்கினார். மறுபடி அந்த அமைதி. மறுபடி அந்த விமானம். இந்த முறை யாரும் எதையும் தட்டவில்லை. அக்கா வேண்டுமென்றே கீபோர்டைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து சித்தியின் குரல்தான் முதலில் வந்தது.

"வந்துடுச்சு! கடவுச்சொல் கேக்குது சார்! ஏத்தின ஆர்டர்கூட அப்படியே இருக்கு!"

ஒட்டுச்சீட்டு அச்சாகும் சத்தம். நான் கைதட்டிவிட்டேன்! வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

முதலாளி கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். பிறகு மைத்துனரிடம், "மாப்ளே, அந்தக் கம்பெனிக்காரங்க வந்து எல்லாம் பெருசா படம் போட்டுக் காமிச்சாங்களே, ஒரு தடவையாவது எதையாவது பிடுங்கிக் காமிச்சாங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நாம கேக்கல மாமா."

"நாமளும் கேக்கல, அவங்களும் காமிக்கல. இவங்க கேக்காமலே காமிச்சாங்க. அதுவும் தன் தப்பையே." அக்கா பக்கம் திரும்பினார். "ஆலை உங்க பொறுப்புலயே இருக்கட்டும்மா."

மைத்துனர் விடவில்லை. "முதல்ல ஆறு மாசத்துக்குப் போடுவோம் மாமா. அப்புறம் பாக்கலாம். இடையில எப்ப கை வெச்சாலும் இந்தப் பிடுங்கறது கட்டாயம்னு எழுதிடணும்."

"எழுதுங்க சார், தாராளமா எழுதுங்க. பிடுங்கறப்ப நீங்களும் கூட இருக்கணும்னு ஒரு வரி சேத்துக்கோங்க. உங்க கை நல்ல கை" என்றார் அக்கா.

மைத்துனருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி டீ சொல்லப் போனார். அவர் நகர்ந்ததும்தான் பார்த்தேன், அக்கா சுவரில் சாய்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். உடனே போனை எடுத்தார்.

"என்னங்க... ஆமா, இருக்கு. நம்மகிட்டதான்... ஆறு மாசம், அது போதும்... அழறீங்களா? ஏங்க, அங்க மெஷின் நின்னுதா இல்லையா, முதல்ல அதைப் பாருங்க."

சொன்னவர் குரலும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது. நான் பார்க்காத மாதிரி சித்தி மாட்டிக் கொடுத்திருந்த என் புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை சாயங்காலங்களில் அக்கா தன் வீட்டு முன்னறையைத் திறந்து வைக்கிறார். இரண்டு பழைய சர்வர்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய் நிறுவலாம், அழிக்கலாம், பிடுங்கலாம். கணினி படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போய்ப் பாருங்கள். உங்களால் போக முடியாவிட்டால், தொழிலுக்கு சர்வர் வைத்திருக்கும் யாராவது ஒருவருக்கு இதை அனுப்புங்கள். இதைப் படித்த வேகத்தில் உங்கள் அலுவலகத்தில் போய் வடத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். முதலில் பிரதி எடுங்கள், கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள்! வழி தெரியாதவர்கள் எனக்கு எழுதுங்கள், சொல்கிறேன். அவர் வீட்டு அறையில் குளிராது, ஸ்வெட்டர் தேவையில்லை. அதை அக்காவே சொல்லச் சொன்னார்.